தலைப்பாகையில் ஒரு தோல் பூ

போன வருஷம் பள்ளி மேடையில் வாய் திறக்காமல் அழுதுகொண்டே இறங்கியவள் என் மகள். இந்த வருஷம் கதைப் போட்டிக்கு அவளே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்த கதை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு முதல் பத்தியே மனதில் நிற்கவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் நாத்தனார் தாளைப் புரட்டினாள். "அண்ணி, இதைக் கேட்டா சிப்பாயே தூங்கிடுவான்" என்று சொல்லிவிட்டு, மகளை எதிரே உட்காரவைத்துக்கொண்டாள்.

"தொர ஒரு நாள் ரூல் போட்டான். நெத்தில நாமம், பட்டை கூடாது, கடுக்கனைக் கழட்டு, தாடிய எடு. நம்ம பசங்க, இன்னா ப்ரோ ஓவரா சீன் போடுறன்னாங்க. அடுத்த அப்டேட்டு புதுத் தலைப்பாகை. அதுல தோல்ல ஒரு பூ. செம காண்டாயிட்டாங்க."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, "தோல்னா ஏன் அத்தை காண்டாவணும்? அப்பா டெய்லி தோல்தானே வெட்டுறாரு?" என்றாள்.

என் கணவர் ஆம்பூர் ஷூ பேக்டரியில் இருக்கிறார். அவள் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்களும் அப்படித்தான்.

"மாட்டுத் தோலா பன்னித் தோலான்னு பயம்டி. அவங்கவங்க சாமி விஷயம்" என்றாள் நாத்தனார்.

யார் மனமாவது புண்படுமோ என்று எனக்கு உதறல். "தோல் பேச்சே வேணாம், தலைப்பாகைன்னு மட்டும் சொல்லு" என்றேன். சொன்ன பிறகு, அதுவும் சரியா என்று குழம்பிக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று, "ஹாய் மக்களே" என்று ஆரம்பித்தாள். அரங்கமே நிமிர்ந்தது. துரையின் ரூலுக்குச் சிரிப்பு, கடுக்கனுக்குக் கைதட்டல். என்னால் உட்காரவே முடியவில்லை.

"அப்புறம் ஒரு தலைப்பாகை..." என்றவள் நின்றுவிட்டாள். போன வருஷத்து அதே மௌனம். நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்திலிருந்த அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அதுல தோல்ல ஒரு பூ. எங்கப்பா தோல் வெட்டுறவருதான். தோலு கெத்துதான். ஆனா ஒரு வார்த்த கேக்காம அடுத்தவன் தலைல மாட்டுனா காண்டாவும்ல?"

முதலில் விசில் அடித்தது என் கணவர். பின்வரிசை அப்பாக்கள் பிடித்துக்கொண்டார்கள்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். அவள் மைக்கை விடவில்லை. கதையில் ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரனின் குதிரைப்படை இன்னும் வந்து சேரவில்லையாம்.