பாவாயி சொல்லாத நிறம்

இன்று வாழ்க்கையில் முதல்முறையாக ஓட்டுப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை!

ஜலகண்டாபுரம் பள்ளிக்கூடத்துக்கு என்னோடு வண்டியில் வந்தவள் பக்கத்து வீட்டுப் பாவாயி. வண்டி ஓட்டியவர் அவள் கணவர் பச்சமுத்து. தேர்தலில் நிற்கும் பெரிய நிலக்காரர் மிட்டாதாரின் ஆள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறத்தில் ஓட்டுப்பெட்டி என்பதால் வழி நெடுக ஒரே பாட்டு.

"மஞ்சப் பெட்டி கதர்க்காரங்களுது. நம்ம மிட்டாதாருது பச்சைப் பெட்டி. மறந்தறாத புள்ள, பச்சை!"

பாவாயி தலையை மட்டும் ஆட்டினாள். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாதே! கல்யாணமான நாளிலிருந்து 'பச்சை' என்ற சொல்லே அவள் வாயில் வந்ததில்லை. பச்சை மிளகாய்கூட அவளுக்குக் 'காயாத மொளகா'தான்.

திரைக்குப் பின்னால் ஓட்டுப் போட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்ததும் பச்சமுத்து ஓடிவந்தார்.

"எந்தப் பெட்டியில போட்ட?"

பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, அதைய நா வாயால சொல்லலாமுங்களா?"

மனிதருக்கு என்ன பூரிப்பு! "எங்கூட்டு ஓட்டு ரெண்டும் பச்சை!" என்று மிட்டாதாரின் ஆட்களிடம் மார்தட்டப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் பாவாயி என் காதருகே குனிந்தாள். "மஞ்சளுன்னு சொன்னா ஊட்டுக்குள்ள சேத்துவாருங்களாக்கா?"

மிட்டாதார் எண்ணி வைத்திருக்கும் பச்சை ஓட்டுகளில் இப்படி வெட்கப்பட்டவை எத்தனையோ!

உங்கள் வீட்டில் எப்படி? நிறத்தைச் சொல்ல வேண்டாம். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தால் போதும், புரிந்துகொள்வேன்.