ஒன்பது மூட்டை அரிசி வைத்து அலைன்மென்ட் பார்த்த கதை

1. வெளியே நல்ல டயர்

முன்பக்க இடது டயரைக் கழற்றித் தரையில் படுக்க வைத்தபோது உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. வெளிப்பக்கம் வரிகள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. நின்றபடி பார்க்கிறவன் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்பான். உள்பக்கம் சுத்த மொட்டை. வலது டயரும் அப்படியே.

அந்தக் காரைக் கொண்டுவந்தவன் பெயர் பிரபா. இருபத்திரண்டு வயது இருக்கும். முடியில் செம்பட்டைச் சாயம். வெள்ளி நிறக் கார், தரையோடு தரையாக இறக்கியிருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. கீழே குனிந்து பார்த்தால், முறையான ஸ்பிரிங்கூட இல்லை. யாரோ பழைய ஸ்பிரிங்கையே ஒன்றரைச் சுற்று வெட்டி மாட்டியிருக்கிறார்கள்.

நான் மலேசியாவின் ஈப்போவில் டயர், அலைன்மென்ட் வேலைக்கு வந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் ஜெலாப்பாங்கில் இந்த ஒரே கடையில். கை சுத்தம் என்று பெயர் எடுத்தவன். வாய்தான் கொஞ்சம் நீளம். இறக்கின காரைப் பார்த்தாலே அது இன்னும் நீண்டுவிடும்.

"தம்பி, இங்க வா. இதப் பாரு. ஸ்டைலு ஸ்டைலுன்னு காரை இறக்க வேண்டியது, அப்பறம் டயரு மொட்ட போத்தாக் ஆயிருச்சி, அலைன்மென்ட் சரியில்லன்னு எங்கிட்ட வந்து நிக்க வேண்டியது. இந்த ஸ்பிரிங்கை எவன் வெட்டினான்?"

"இல்லண்ணே, இது எங்க அண்ணனோட..."

"அண்ணனோ தம்பியோ, யாரு காரா இருந்தா என்னா லா? நான் சொல்றத மொதல்ல கேளு."

கேட்டான். நானும் அள்ளிவிட்டேன். காரை இறக்கினால் சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாயும், அதற்குப் பெயர் கேம்பர். இரண்டு முன்சக்கரமும் பாதங்களை விரித்து நிற்கிற ஆள் மாதிரி வெளியே பார்க்கும், அதற்குப் பெயர் டோ அவுட். இரண்டும் சேர்ந்தால் டயரின் உள்விளிம்பு ரோட்டில் சிராய்த்துக்கொண்டே போகும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்கை நேராக்கக் கதவைத் திறந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு நீளமான கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. ஹேண்ட்பிரேக்கை உயரமாக மாற்றி மாட்டிக்கொண்டு ரோட்டில் காரைச் சுழற்றுகிற பையன்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன்.

"இது என்னா, ட்ரிஃப்ட் அடிக்கிற லிவரா? அடி, நல்லா அடி. நேரா பெரியாஸ்பத்திரிதான்."

பிரபாவின் முகத்தில் ஈயாடவில்லை. நான் விடவில்லை. "இந்த டயரு தோட்டத்து ரோட்டுல வெடிச்சா ஓட்டுறவன் கதி என்னா ஆவும்னு நெனச்சிப் பாத்தியா?" என்றேன்.

அதைக் கேட்டதும் அவன் கண் மாறியது. "காரை மேல தூக்கிட்டா வெடிக்காதாண்ணே?" என்று கேட்டான்.

"புது டயரு, ஒரிஜினல் ஸ்பிரிங், சரியான அலைன்மென்ட். எதுக்கு வெடிக்கப் போவுது?"

"அப்ப தூக்கிருங்கண்ணே."

அன்று மாலைக்குள் நான்கு ஸ்பிரிங்கும் மாற்றி, இரண்டு டயர் போட்டு, அலைன்மென்ட் முடித்தேன். மெஷின் திரையில் எல்லா நம்பரும் பச்சை. ஒரு பையனைத் திருத்திவிட்ட திருப்தியோடு கோப்பி குடிக்கப் போனேன்.

2. குணா சார்

ஒன்பது நாள் கழித்து அதே கார் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது பிரபா. பக்கத்து இருக்கையில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், வலது மணிக்கட்டில் கட்டோடு இருந்தார். பின்சீட்டில் மடித்து வைத்த சக்கர நாற்காலி.

அந்த நாற்காலியைப் பார்த்தேன். பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த கைப்பிடியைப் பார்த்தேன். அது போய்ச் சேருகிற இடத்தை இப்போதுதான் கவனித்தேன். ஒரு கம்பி பிரேக் பெடலுக்கும் இன்னொன்று வேகம் கூட்டுகிற எண்ணெய் பெடலுக்கும் போயிருந்தது. காலால் மிதிக்க முடியாதவர் கையால் ஓட்டுவதற்கான அமைப்பு. முப்பது வருஷம் கார் பார்த்தவன் நான், அதை விளையாட்டுச் சாமான் என்று கிண்டலடித்திருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்கதான் செல்வம் அண்ணனா?" என்று கேட்டார் அவர். "நான் குணா. வேல நல்லா செஞ்சிருக்கீங்கண்ணே. காரு கோடு போட்ட மாரி நேரா போவுது. என்னாலதான் ஏற முடியல."

குணா செமோரில் இருக்கிறார். கணக்கு டியூஷன் வாத்தியார். கோலா கங்சார் பக்கம் பழைய ரப்பர் தோட்டங்களில் இன்னும் குடியிருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாரத்தில் நான்கு நாள் போய்ச் சொல்லிக் கொடுக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. நாற்காலியிலிருந்து கார் இருக்கைக்குப் பலகை போட்டுச் சறுக்கி ஏறுவார். இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டமாக இருந்தால்தான் அது முடியும். காரை இறக்கியது அதற்காகத்தான்.

நான் காரைத் தூக்கிக் கொடுத்த மறுநாள் காலையில், பிரபா ஃபேக்டரிக்குப் போன பிறகு, இவர் வழக்கம்போல ஏறப் பார்த்திருக்கிறார். பலகை ஏற்றமாக நின்றிருக்கிறது. கை வழுக்கி, நாற்காலிக்கும் காருக்கும் நடுவே விழுந்துவிட்டார். மணிக்கட்டில் எலும்பு விரிசல். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தூக்கும்வரை சிமெண்டுத் தரையிலேயே கிடந்திருக்கிறார்.

"டாக்டர் ஒரு மாசம்னு சொல்லிட்டாரு. பரீச்சை வருது. புள்ளைங்க போனுக்கு மேல போனு அடிக்கிறாங்க. என்னை யாராவது தூக்கிக் கார்ல வைக்கிறது ஒன்னும் பெரிசில்லண்ணே. ஆனா ஒவ்வொரு தடவையும் ஆளக் கூப்பிடணும்னா நான் எங்கயும் போவ மாட்டேன். எனக்கே தெரியும், வீட்டோட ஒக்காந்திருவேன்."

ஆகவே கார் பழையபடி இறங்க வேண்டும். ஆனால் டயர் தேயக் கூடாது. தோட்டத்து மண்சாலையில் டயர் வெடித்தால் அவரால் இறங்கி மாற்ற முடியாது. போன் லைன்கூடச் சரியாகக் கிடைக்காத இடம்.

"தம்பி மேல கோவப்பட்டுட்டேன்," என்றார் குணா. "டயரப் பாத்துப் பயந்துட்டான், தானாவே தூக்கச் சொல்லிட்டான். நானே டெய்லி அண்ணன ஏத்தி விட்டுர்றேன்னு நெனச்சானாம். ஒங்க மேல ஒரு தப்பும் இல்லண்ணே."

நான் பிரபாவைப் பார்த்தேன். அவன் தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் பேச்சை வெட்டியதையும், கிண்டல் பண்ணியதையும், பயமுறுத்தியதையும் அவன் அண்ணனிடம் சொல்லவே இல்லை. பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வாய் நீளம் என்று பெயர் எடுத்தவன், "பாக்கலாம் சார், செஞ்சிரலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு டேப் எடுக்க உள்ளே போனேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

3. அரிசி

எங்கள் தவுக்கே, கடை முதலாளி, சீனர். எங்களோடு பழகிப் பழகித் தனக்கென்று ஒரு தமிழ் வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் தலையை ஆட்டினார்.

"எறக்கின காரு, டயருக்கு நம்ம கேரண்டி இல்ல. இது ரூல் லா, செல்வம்."

"தெரியும் தவுக்கே. ஆனா அந்த மனுசன் கார்ல ஏறணும்."

அவர் வாசல்வரை போய்க் குணாவிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். "செய். வெட்டின ஸ்பிரிங் மட்டும் வேணாம்," என்றார். அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவருக்கு நான் என்றும் நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வேலை அளப்பது. குணாவை நாற்காலியில் உட்கார வைத்து, தரையிலிருந்து மெத்தைவரை அளந்தேன். பிறகு கார் இருக்கையை அளந்தேன். வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர். பழைய வெட்டு ஸ்பிரிங் காரை இறக்கியிருந்ததோ ஆறுக்கும் மேல். தேவைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. வெட்டியவனும் அளக்கவில்லை, தூக்கிய நானும் அளக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறோம்.

மூன்றரை இறங்குகிற மாதிரி முறையான ஸ்பிரிங் செட் பினாங்கிலிருந்து வர நான்கு நாள் ஆனது. அதை மாட்டியதும் வெட்டு ஸ்பிரிங்கில் இருந்த கேம்பரில் பாதிதான் வந்தது. அந்தப் பாதிக்கு, சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் கேம்பர் போல்ட் போட்டுச் சக்கரத்தின் தலையை வெளியே கொண்டுவந்தேன். கடைசியில் டோ. நம்பர் பச்சைக்கு வந்தது. வந்து காத்திருந்த குணாவிடம் சாவியைக் கொடுக்கப் போனவன் நின்றேன்.

இந்தக் கார் எப்போது இப்படிக் காலியாக ஓடப்போகிறது? குணா உட்காருவார், பின்னால் நாற்காலி இருக்கும், புத்தகப் பெட்டி இருக்கும். எடை ஏறினால் கார் அமுங்கும், அமுங்கினால் டோ மாறும். சாதாரணக் காரில் அது பெரிதாகத் தெரியாது. இறக்கின காரில் அந்த மிச்சம்தான் டயரைத் தின்னும்.

அவரை உள்ளே உட்கார வைத்துக் காரை லிஃப்டில் ஏற்றக் கூடாது. ஆபத்து, கடைச் சட்டமும் இடம் தராது. "சார், ஒங்க வெயிட்டு எவ்ளோ?" என்று கேட்டேன்.

"எழுபத்தெட்டு. ஏண்ணே?"

பக்கத்து மளிகைக் கடைக்குப் போய்ப் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்பது இரவல் வாங்கி வந்தோம். டிரைவர் இருக்கையில் எட்டு, நாற்காலிக்கும் புத்தகத்துக்கும் சேர்த்துப் பின்சீட்டில் ஒன்று. சரியாமல் இருக்க பெல்ட்டும் போட்டுவிட்டேன். தவுக்கே வந்து எட்டிப் பார்த்து, "யாரு இது, ஒன் மாமாவா?" என்றார். குணா நாற்காலியில் இருந்தபடியே, "ரெண்டு கிலோ கூடப் போட்டுட்டீங்க, நான் டயட்டுல இருக்கேன்," என்றார். கடையே சிரித்தது.

திரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பச்சையாக இருந்த டோ சிவப்புக்குப் போயிருந்தது. கார் இப்படியே போயிருந்தால் மறுபடியும் உள்பக்கம்தான் தேய்ந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தால் அவருக்குத் தெரிந்திருக்காது, எனக்கும்தான். அரிசியை வைத்துக்கொண்டே, டோவை மாற்றுகிற டைராட் நட்டைத் தளர்த்தி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரமும் பிரபா எனக்கு டார்ச் பிடித்தான்.

மூட்டைகளை இறக்கின பிறகு என்னால் தாங்க முடியவில்லை. குணாவின் முன்னால் போய் நின்றேன்.

"சார், ஒரு விசயம். காரைத் தூக்கச் சொன்னது தம்பி இல்ல. நான்தான் பயமுறுத்தினேன். அவன் ஒங்களப் பத்திச் சொல்ல வந்தான், நான் பேசவே விடல. அந்த லிவரப் பாத்துக் கிண்டலும் பண்ணேன்."

குணா என்னைப் பார்த்தார். பிறகு அப்பால் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார்.

"நான் அவனப் பேசாத பேச்சில்ல," என்றார். "இத அவன்கிட்ட போயி சொல்லுங்கண்ணே. எனக்கும் அவன்கிட்ட பேச வேண்டியது இருக்கு."

போய்ச் சொன்னேன். என்னைவிட முப்பது வயது சின்னவனிடம், கடை ஆட்கள் நான்கு பேர் பார்க்க, "தம்பி, தப்பு என்னோடது, மன்னிச்சிரு" என்றேன். பிரபா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லண்ணே. டயரு மாத்தலன்னா என்னாயிருக்கும், அதயும் நெனச்சிக்கிறேன்," என்றான். அந்தப் பெருந்தன்மையை நான் சம்பாதிக்கவில்லை. அவனாகக் கொடுத்தான்.

4. பிறகு

ஒரு காலத்தில் கார் வந்தவுடன் குனிந்து டயரைப் பார்ப்பேன். இப்போது முதலில் ஆளிடம் கேட்கிறேன்: இதை யார் ஓட்டுகிறார்கள், என்ன ஏற்றுகிறார்கள், எந்த ரோட்டில் போகிறார்கள். பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். சில நேரம் பதில் நீளமாக இருக்கும், நின்றுதான் ஆக வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என்னிடம் சொல்ல இருப்பது இதுதான். நம்பரை மெஷின் சொல்லிவிடும். அந்தக் கார் எதற்காக அப்படி இருக்கிறது என்பதை வாடிக்கையாளர்தான் சொல்ல முடியும், அதைச் சொல்ல அவரை விட வேண்டும்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலைப்பொழுதில் குணாவின் கார் டயர் செக்குக்கு வந்தது. நான்கையும் கழற்றி அளந்து பார்த்தேன். முன் டயர்களில் உள்பக்கம் ஐந்து மில்லிமீட்டர், வெளிப்பக்கம் ஐந்தரை. இறக்கின காருக்கு இதைவிட நல்ல நம்பர் நான் எதிர்பார்க்க முடியாது. அவரிடம் காட்டினேன். விரலால் உள்விளிம்பைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பிள்ளைகளில் மூன்று பேர் கணக்கில் ஏ வாங்கியிருக்கிறார்கள் என்றார்.

ஜெலாப்பாங்கில் எத்தனையோ டயர் கடை இருக்கிறது. விழுந்து கை ஒடிந்த பிறகும் அவர் என்னிடமே திரும்பி வந்தார். திட்டிவிட்டு வேறு கடைக்குப் போயிருந்தால் நான் இன்றைக்கும் என் பச்சை நம்பரைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பேன். அவருக்கும் அவர் தம்பிக்கும் நான் பட்ட கடன் பெரிது.

வேலை முடிந்ததும் கார் பக்கத்தில் நாற்காலியை நிறுத்திப் பலகையைப் போட்டார். நாங்கள் இரண்டு பேர் தன்னிச்சையாகக் கை நீட்டினோம். "வேணாம்ண்ணே," என்றார். ஒரே சறுக்கு, உள்ளே உட்கார்ந்துவிட்டார். நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டுக் கதவைச் சாத்தினார். "கிளாசுக்கு நேரமாச்சி, வாரேன்," என்றார். அன்று அவர் தனியாக வந்திருந்தார், தனியாகவே கிளம்பிப் போனார்.