நடுக் கார்டு

நான் பிடிவாதக்காரன். ஜன்னல் சட்டம் ஒரு நூல் கோணியிருந்தாலும் கழற்றித் திரும்ப மாட்டினால்தான் எனக்குச் சோறு இறங்கும். அலுமினியச் சட்டம், கண்ணாடி, சிலிகான் பசை, இவைதான் அப்போது என் பிழைப்பு. ஷார்ஜாவில் முவைலா பகுதியில் தொழிலாளர்கள் தங்குகிற கம்பெனி கேம்ப். எனக்கு மேல்கட்டிலில் படுத்தவன் ராமநாதபுரம் பக்கத்துக்காரன், டைல்ஸ் மேஸ்திரி. என்னை அண்ணன் என்று கூப்பிடுவான். என்னைக் கிண்டல் செய்வதை டூட்டியில் ஒரு பகுதியாகவே வைத்திருந்தான்.

அந்தப் பிடிவாதம் டெலிபோன் கார்டில் வந்து மாட்டும் என்று நான் நினைக்கவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. எல்லார் இடுப்பிலும் மொபைல் ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பெல்லாம் ஊருக்குப் பேச வேண்டுமென்றால் தெருவோரப் பூத்தில் கார்டைச் செருகித்தான் பேச வேண்டும். கார்டின் முகத்தில் ஏதாவது படம் இருக்கும்: ஒட்டகம், கோட்டை, பருந்து. பேசுகிற அவசரத்தில் அதை யார் பார்த்தார்கள்?

ஒரு ஆபீஸில் தடுப்புக் கண்ணாடி மாட்டப் போயிருந்தோம். மேனேஜர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். இழுப்பறையிலிருந்து பழைய கார்டுகளைக் குப்பைக் கூடையில் கொட்டினார். கூடையில் இரண்டு கார்டுகள் தற்செயலாகப் பக்கம் பக்கமாக விழுந்து கிடந்தன. ஒன்றில் பாதிப் பாய்மரம், மற்றதில் மீதிப் பாய்மரம். கோடு கோட்டோடு சேர்ந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். கார்டின் ஓரத்தில் சின்னதாக ஒன்பது கட்டம் போட்டிருந்தது. ஒன்பது கார்டு சேர்ந்தால் ஒரு பெரிய படம் என்பது அதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. தொண்ணூறுகளில் வந்த வரிசை. மூன்று மூன்றாக மூன்று வரிசை அடுக்கினால் கடலில் ஒரு மரக்கப்பல்.

அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் வெட்கமில்லாமல் கேட்டேன். வில்லாவில் குளியலறைக் கண்ணாடி மாட்டினால் வீட்டுக்காரரிடம் கேட்பேன். கடைக்கு ஷட்டர் மாட்டினால் காசாளரிடம் கேட்பேன். "பழைய டெலிபோன் கார்டு ஹை க்யா, பாய்?" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் என் ஹிந்தி பிழையில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டது. ஒவ்வொன்றாக எட்டும் வந்து சேர்ந்தன. நடுக் கார்டு மட்டும் வரவில்லை. கப்பலோட்டி ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிற படம். மேல் கார்டில் தலை இருக்கிறது, கீழ்க் கார்டில் கால் இருக்கிறது, உடம்பைக் காணோம்.

"அண்ணே, பாவம்ணே அந்தாளு. சோறு தின்ன வயிறு இல்லாம எத்தன மாசமா கயிறு இழுக்குறாரு" என்பான் மேஸ்திரி.

அந்த நடுக் கார்டு அரிய பொருள் ஒன்றும் இல்லை. வரிசையிலேயே விலை குறைந்தது அதுதான். கேம்ப்பில் இருந்த அத்தனை பேரும் அதைத்தான் வாங்கினார்கள், நானும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் அது கிடைக்கவில்லை. எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. தீர்ந்த கார்டை யாரோ புதுசு போல உறையில் போட்டு, ஊரிலிருந்து புதிதாக வந்த ஆட்களிடம் விற்று ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் பேசி முடித்ததும் கார்டை இரண்டாக உடைத்துத்தான் போடுவோம். பூத்தை விட்டு வெளியே வரும்போதே கை தானாக மடக்கிவிடும். விலை கூடிய கார்டுகளை வாங்கிய மேனேஜர்களுக்கு இந்தக் கவலை எதற்கு? அவர்கள் கார்டுகள் இழுப்பறையில் முழுசாகத் தூங்கின. எங்கள் கார்டு மட்டும் பாதி பாதியாகக் குப்பைக்குப் போனது.

முழு நடுக் கார்டு ஒன்றை நான் கண்ணால் பார்த்தது பர் துபாயில், மீனா பஜார் பக்கத்துச் சந்தில் ஒரு வாட்ச் கடையில். முதலாளி கீழக்கரைக்காரர், வயதானவர். கல்லாவுக்குப் பக்கத்தில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய நாணயங்களோடு அதையும் செருகி வைத்திருந்தார். 

"பாய், அதை எனக்குத் தர முடியுமா? என்ன விலையானாலும் சொல்லுங்க."

"அது விலைக்கு இல்ல தம்பி. வாட்ச் பாக்குறியளா?"

வெள்ளிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போனேன். என்னிடம் இருந்த எட்டையும் கொண்டுபோய் மேசையில் அடுக்கிக் காட்டினேன். ரசித்துப் பார்த்தார், டீ வரவழைத்தார், தலையை மட்டும் ஆட்டினார். அவர் கடை ஷோகேஸ் கதவு சக்கரம் தேய்ந்து முனகிக்கொண்டிருந்தது. அதைக் கூலி வாங்காமல் சரி செய்து கொடுத்தேன். மனுஷன் கையேந்தி எனக்காக துஆ செய்தார், கார்டைத் தரவில்லை. நான் விடாக்கண்டன் என்றால் அவர் கொடாக்கண்டன். பஸ்ஸில் திரும்பும்போது அவரை மனசுக்குள் திட்டித் தீர்ப்பேன். அடுத்த வெள்ளிக்கிழமை திரும்பவும் போய் நிற்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் மேஸ்திரி லீவுக்குப் போகத் தன் பெட்டியைக் கட்டினான். அடியில் விரித்திருந்த பழைய நாளிதழுக்குக் கீழே அவனே மறந்துபோன ஒரு கார்டு கிடந்தது. நடுக் கார்டு. முழுசாக. கொஞ்சம் பேலன்ஸ் மிச்சம் இருந்ததால் உடைபடாமல் தப்பியிருக்கிறது.

"அண்ணே! உங்காளுக்கு வயிறு கெடச்சிருச்சு!"

நான் கையை நீட்டினேன். அவன் கார்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"இருங்கண்ணே. இன்னும் ரெண்டு வார்த்தைக்கு பேலன்ஸ் கெடக்கும் போல. வீணாப் போவானேன்? பேசி முடிச்சிட்டுத் தர்றேன்."

நியாயம்தான். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காவலுக்கு நானும் கூடவே போனேன். கேம்ப் வாசலில் இருந்த பூத்துக்குள் அவன் பேச, நான் வெளியே வெயிலில் நின்றேன். அவன் பேசியது குறைவு, சிரித்ததுதான் அதிகம். பேலன்ஸ் தீர்ந்ததும் வெளியே வந்தான்.

"எம் பயகிட்ட குடுத்தாண்ணே போன. பேசவே மாட்டேன்னுட்டான். மூச்சு மட்டும் விடுறான், புஸ்ஸு புஸ்ஸுன்னு. கார்டு பூரா அவன் மூச்சுக்கே போயிருச்சு!"

சொல்லிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, இரண்டு கையாலும் கார்டை மடக்கினான். டப் என்றது.

சத்தம் கேட்ட பிறகுதான் அவன் கையை அவனே பார்த்தான். நான் என்னென்ன சொன்னேன் என்பதை எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள். அவன் இரண்டு பாதியையும் உள்ளங்கையில் வைத்து நீட்டியபடி அப்படியே நின்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக நடுரோட்டில் அழுகிற ஆம்பளையை அவன் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டான். பாதிகளை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவன் லீவுக்குப் போகும்வரை இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கழிவாகக் கிடந்த கண்ணாடியை அளந்து வெட்டினேன். அலுமினியத்தில் மூலை பிசகாத சட்டம் செய்தேன். கறுப்புத் துணி விரித்து எட்டுக் கார்டையும் அடுக்கி, நடுவில் இரண்டு பாதியையும் விளிம்போடு விளிம்பு நெருக்கி வைத்தேன். பிசிறு நீட்டிக்கொண்டுதான் இருந்தது. கப்பலோட்டியின் இடுப்புக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். சுற்றிலும் சிலிகான் இழுத்து அடைத்து, கேம்ப்பை மேற்பார்க்கிற கேம்ப் பாஸிடம் அனுமதி வாங்கி, மெஸ்ஸில் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டினேன். சாப்பிட வந்தவர்கள் மற்ற எட்டையும் அதிகம் கண்டுகொள்ளவில்லை. நடுக் கார்டைப் பார்த்து மட்டும், "அட, நம்ம கார்டு!" என்றார்கள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. முழுப் படத்தைப் பார்க்கச் சொன்னால் விரிசலைப் பார்க்கிறார்களே என்று.

மறுபடி பர் துபாய் போனபோது வாட்ச் கடை முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். எங்கள் கேம்ப் எந்தப் பக்கம் என்று மட்டும் விசாரித்தார். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து, வேர்த்து விறுவிறுத்து எங்கள் மெஸ் வாசலில் வந்து நின்றார். லீவு முடிந்து வந்திருந்த மேஸ்திரியும் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒடஞ்சத ஒட்ட வச்சிருக்கேன்னு சொன்னியளா, எனக்கு மனசு கேக்கல தம்பி. இந்தாங்க, மாட்டுங்க" என்று சட்டைப்பையிலிருந்து முழுக் கார்டை எடுத்து நீட்டினார்.

 எத்தனை வெள்ளிக்கிழமை அலைந்திருப்பேன்! சட்டத்தை இறக்கி மேசையில் கவிழ்த்து, கட்டரை எடுத்து ஒரு பக்கச் சிலிகானை அறுத்தேன். மேஸ்திரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். கூட நாலைந்து பேர் கூடினார்கள். கார்டு கை மாறிக் கை மாறிப் போனது. அதில் ஒருவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"பாய், இது ஒடையலையே. அப்ப பேலன்ஸ் இருக்கா?"

எங்கள் கேம்ப்பில் யாருக்கும் முதலில் தோன்றுகிற கேள்விதான் அது. எனக்குத்தான் இத்தனை நாளும் தோன்றவில்லை.

"இருக்கு. பூராவும் இருக்கு" என்றார் அவர். "ஒரு வார்த்த பேசல. உம்மாவுக்கு மேலுக்கு முடியலன்னு கடிதாசி வந்துச்சு. பேசுவோம்னு வாங்கிக்கிட்டுப் பூத்துக்குப் போனேன். முன்னால நாலு பேரு நின்டாங்க. பொறவு வருவோம்னு கடைக்குத் திரும்பி வந்தா, ஊர்ல இருந்து தகவல் வந்திருக்கு. உம்மா மவுத்தாயிட்டாகன்னு."

 கார்டை வைத்திருந்தவன் அதை மெதுவாக மேசைமேல் வைத்தான். அவர் என்னைப் பார்த்து, "எங்கிட்ட இருந்து என்ன தம்பி ஆகப் போகுது? மாட்டுங்க. உங்க படமாவது முடியட்டும்" என்றார்.

கட்டர் என் கையில் திறந்தபடி இருந்தது. எனக்கு அந்தக் கார்டு வேண்டும். அந்த நிமிஷத்திலும் வேண்டும் என்றுதான் இருந்தது, மறைப்பானேன்? மேசையிலிருந்து அதை எடுத்து அவர் சட்டைப்பையில் நானே வைத்தேன்.

"என் படம் முடிஞ்சிருச்சு பாய். உக்காருங்க, மீன் குழம்பு இருக்கு."

மேஸ்திரி அவருக்குத் தட்டு எடுத்துவரப் போனான். நான் அறுத்த இடத்தைத் துடைத்துவிட்டு, புதிதாகச் சிலிகான் இழுத்து அடைத்தேன்.