கழுவாத இடது கால்

எங்கள் கோயிலில் பெரிய வியாழன் பூசையில் பாதர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார், ஆண்டவர் சீடர்களுக்குச் செய்ததைப் போல. ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, குதிகாலைக் கல்லில் உரசி, சிலர் பவுடர்கூடப் பூசிக்கொண்டுதான் வந்து உட்காருவார்கள். அழுக்குக் காலை நீட்ட யாருக்கும் மனசு வராது. பாதரே ஒருமுறை பிரசங்கத்தில், "எனக்கு நீங்க வேலையே வைக்கிறதில்ல, தொடைக்கிறதுக்கு மட்டுந்தான் கூப்பிடுறீங்க" என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். கழுவுவதும் வலது காலை மட்டும்தான். இடது கால் சப்பாத்துக்குள்ளேயே இருக்கும்.

என் வீட்டுக்காரர் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை பார்த்தார். கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை நின்றபடியே ஆணி நிறுப்பார், பெயின்ட் கலப்பார். கல்யாணமான காலம் தொட்டே குடி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஒன் வீட்டுக்காரருக்கு ரோட்டுல ரெண்டு பக்கமும் சொந்தம் புள்ள, ஒரு பக்கமா நடந்து நான் பாத்ததே இல்ல" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஒரு ஞாயிறு முதல் பூசைக்குச் சனம் வந்துகொண்டிருக்கையில், கோயில் படிக்கட்டில் விழுந்து கிடந்தவரைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு வந்தவள் நான். அதற்குப் பிறகு சிரிப்பதற்கு என்ன வெட்கம்?

பிறகு குடியை விட்டார். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஒரே மகள் தன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், "அப்பா, நீங்க என் கையைப் புடிச்சு கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக வேணாம். மாமா வரட்டும்" என்றாள். அவ்வளவுதான். கல்யாணத்தன்று கடைசி வரிசை வாங்கில் தனியாக உட்கார்ந்து பூசை பார்த்தார். மறுநாளிலிருந்து தொடவில்லை. அக்காவும் பேச்சை மாற்றிக்கொண்டார்: "இப்பத்தான் ரோட்ட முனிசிபல்காரங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டாரு." குடி போனது. இரத்தத்தில் சீனி ஏறுகிற அந்தச் சீனி வருத்தம் மட்டும் கூடவே தங்கிவிட்டது.

இரண்டு வருசம் கழித்துத் தவக்காலத்தில், பன்னிரண்டு பேரில் ஒருவராக உட்காரச் சொல்லிக் கோயிலிலிருந்து கேட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"என்னையத்தான் கேட்டாங்களா, இல்ல ஆள் மாறிப்போச்சான்னு தெரியல."

"பேரச் சொல்லித்தானே கேட்டாங்க? உள்ள வாங்க மொதல்ல."

கடுகண்ணாவையில் வாழ்கிற மகளுக்கு அவரே போன் எடுத்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவராக எடுத்த முதல் போன் அது. "நான் வர்றேன்ப்பா" என்றாள். மறுநாளே கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினார். தோல் விறைப்பாக இருந்தது. இளகட்டும் என்று ஒரு வாரம் கடைக்கும் போட்டுக்கொண்டு போனார்.

பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை துணி துவைக்கும்போது சப்பாத்துக்குள் போடுகிற இடது கால் மேஸில் மஞ்சளாகக் கறை இருந்தது. மணம் நல்ல மணமில்லை.

"கால்ல என்னங்க?"

"புதுச் சப்பாத்து கடிச்சிருச்சு. நேத்தே காஞ்சிருச்சு."

"காட்டுங்க பாப்போம்."

"காஞ்ச புண்ணுல பாக்க என்ன இருக்கு? போய் தேத்தண்ணி ஊத்து."

நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். ஆனால் அன்று பின்னேரம் அவர் கண்ணயர்ந்திருந்தபோது போர்வையின் கால்மாட்டைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில், தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவுக்கு, ஓரம் கறுத்து, நடுவில் ஈரமாக ஒரு புண் இருந்தது. அவருக்கு வலி தெரியவில்லை. சீனி வருத்தக்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி செத்துவிடும் என்று கிளினிக்கில் நர்ஸ் மிஸ் சொல்லியிருந்தார். காலில் சின்னக் கீறல் என்றாலும் அன்றைக்கே வரவேண்டும், ஒரு நாளும் பிந்தக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எனக்கு நல்லாவே தெரியும்.

போர்வையைத் திரும்ப மூடினேன்.

இதைச் சுற்றிவளைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் வார்ட்டில் போட்டுவிடுவார்கள். அவருடைய கதிரையில் வேறு யாரோ உட்காருவார்கள். மகள் வந்து பார்க்கும்போது அப்பா இருக்கமாட்டார். எனக்கும் ஆசை இருந்தது. படிக்கட்டில் நான் அவரை இழுத்துக்கொண்டு வந்ததைப் பார்த்த அதே சனம், அவர் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதையும் பார்க்கட்டும் என்ற ஆசை. ரெண்டு நாள்தானே என்று நினைத்தேன். அந்த மேஸைத் தனியாகத் துவைத்து, அக்கா கண்ணில் படாமல் வீட்டுக்குள்ளேயே காயப்போட்டேன்.

வியாழக்கிழமை வலது கால் நகத்தை நான்தான் வெட்டிவிட்டேன். இடது காலை அவர் நீட்டவில்லை, நானும் கேட்கவில்லை. கோயிலில் ஏழாவது கதிரை அவருக்கு. மகள் என் பக்கத்தில் இருந்தாள். பாதர் முழங்காலில் நின்று, தண்ணீர் ஊற்றி, துடைத்து, குனிந்து காலில் முத்தமிட்டபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. மகள் என் கையைப் பிடித்தாள். ஊதுபத்தியும் பூவும் மணந்த அந்தக் கோயிலில் எனக்கு அந்த மேஸின் மணம் மட்டுமே வந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் நடுங்கினார். பனி என்றார். சனிக்கிழமை காலை எழும்ப முடியவில்லை. த்ரீவீலரில் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்த சிங்கள டொக்டர் அரைகுறைத் தமிழில் கேட்டார்:

"அம்மா, இது எப்ப கண்டது?"

"நேத்துதான் டொக்டர்."

மகளும் பக்கத்தில்தான் நின்றாள். டொக்டர் ஏசவில்லை. "கொஞ்சம் முந்தி வந்தா கால் இருக்கும் அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும் என்றார்கள்.

ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகும் முன்னால் அவர் என்னைக் கிட்டே வரச்சொன்னார். உதடு காய்ந்திருந்தது.

"ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன் புள்ள. காஞ்சிருச்சுன்னு சொன்னது பொய். அந்தக் கதிரையில ஒரு தரமாச்சும் உக்காந்துறணும்னு ஆசைப்பட்டுட்டேன். மன்னிச்சுக்க."

நான் சொல்லியிருக்கவேண்டும். தள்ளுவண்டியோடு அட்டெண்டன் நின்றிருந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. நான் அவர் நெற்றியில் சிலுவை போட்டு, "மன்னிச்சுட்டேன், அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் மன்னிப்புக் கொடுத்தேன். அவர் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

காலை எடுத்தார்கள். நஞ்சு அதற்கு முன்பே இரத்தத்தில் ஏறியிருந்தது. உயிர்ப்புத் திருநாள் கழிந்து ஆறாம் நாள் போய்விட்டார். இடையில் கண் திறந்து பார்த்தாரே தவிர, சொன்னால் விளங்குகிற நிலையில் மறுபடி இல்லை. அடக்கத்துக்கு வந்த ஒருவர், "நல்ல சாவும்மா, ஆண்டவர் கால் கழுவி அனுப்பியிருக்காரு" என்றார். அன்போடு சொன்னார். நான் அவரிடமிருந்து விலகிப் போய் நின்றேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாதர் மன்னிப்பு மந்திரம் சொல்லிவிட்டுக் கேட்டார்: "வீட்டுல வேற யாருக்காவது இத சொல்லவேண்டி இருக்காம்மா?" நான் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பூசை முடிந்து மகளும் நானும் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவள் பொருமிக்கொண்டே இருந்தாள்.

"குடிச்சப்பவும் பொய், குடிய விட்டப்பவும் பொய். கடைசி வரைக்கும் நம்மள ஏமாத்திட்டுத்தான் போயிருக்காரு."

அவர் பக்கம் பேச அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

"ஏமாத்தலடி. நான் செவ்வாக்கிழமையே பாத்துட்டேன்."

கத்தி நின்றது.

"டொக்டர்கிட்ட நேத்துன்னு சொன்னீங்க."

"ஆமா."

"என்கிட்டயும் அதத்தான் சொன்னீங்க."

"ஆமா."

"நான் வர்றேன்னு சொன்னதாலயா?"

"இல்லடி. அது ஒன் தலையில இல்ல. போர்வைய மூடினது நான்."

"சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

அந்த மேஸிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அப்பாவுக்கு நான் கொடுத்த மன்னிப்பையும் சொன்னேன். அவள் வெங்காயத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. முடிந்ததும் கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். பின்னாலேயே போனேன். பஸ்ஸில் நான் நின்ற பக்கம் இல்லாமல் அந்தப் பக்கத்து ஜன்னலோரமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுக்கிறாள். "மருந்து குடிச்சீங்களா?" என்று கேட்பாள். "குடிச்சேன்" என்பேன். அப்பா பொய் சொன்னார் என்று இப்போது அவள் சொல்வதில்லை. என்னைப் பற்றி என்ன சொல்கிறாள் என்று கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.