காரணம்: ஓநாய்

மறியல் தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் என் பையில் இருந்தவை: டிங்ச்சர் அரைப் புட்டி, பஞ்சு ஒரு சுருள், தையல் ஊசி இரண்டு, நூல் கொஞ்சம், ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல், பதிவேடு. இதைத் தவிர அந்த ஊர்க் கால்நடைகளுக்கு வேறு வைத்தியம் இல்லை. இடஒதுக்கீடு கேட்டு நடந்த போராட்டத்தில் சாலையோரப் புளிய மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கச்சிராயபாளையத்துக்கு பஸ் இல்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து டாக்டர் வர வழியில்லை. கல்வராயன் மலையடியில் ஒற்றை அறையில் இயங்கிய கால்நடைக் கிளை நிலையத்தில், பயிற்சி முடித்து எட்டு மாதமே ஆன ஆய்வாளர் நான். அந்த வாரம் டாக்டரும் நான்தான்.

விடிந்ததும் கூப்பிட ஆள் வந்தது. ஊரில் அதிக நிலம் வைத்திருந்தவரின் செம்மறி ஆடுகள். வேர்க்கடலை பிடுங்கி முடிந்த மணிலாக் கொல்லையில் எருவுக்காகப் பட்டி போட்டு அடைத்திருந்தார்கள். கருக்கலில் எதுவோ உள்ளே புகுந்திருந்தது. மூன்று செத்துக் கிடந்தன. இரண்டு, தொடை கிழிந்து நின்றுகொண்டிருந்தன.

நிற்பவற்றை முதலில் தைத்தேன். நூல் தீர்ந்தது. பிறகு செத்தவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டேன். கடி பின்தொடையில், காதில், வாலடியில். கழுத்தில் இல்லை. ஒன்றைக்கூடத் தின்று முடிக்கவில்லை. கோரைப்பல் பதிந்த இரண்டு துளைகளுக்கு இடையே ஸ்கேலை வைத்தேன். மூன்று சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஓநாய் என்றால் நாலைத் தொடும்.

"இன்னா பாப்பா, ஓநாய்தானே? எழுதிக்கோ" என்றார் நிலத்துக்காரர். ஓநாயைச் சுடுவதற்காக மலையிலிருந்து ஒரு வேட்டைக்காரரை அதற்குள் வரவழைத்துவிட்டிருந்தார். நாட்டுத்துப்பாக்கியும் தோளில் துண்டுமாக அவர் வந்து நின்றார்.

"எங்க மலையில கூட இவ்ளோ மரம் குறுக்க கெடக்காதுங்க. உங்க ரோட்டத் தாண்டி வரதுக்குள்ள இடுப்பு போயிடுச்சு" என்றார் வேட்டைக்காரர். கூட்டம் சிரித்தது. நிலத்துக்காரர் சிரிக்கவில்லை. மரம் சாய்த்தவர்களில் அவர் தம்பியும் இருந்தார்.

வேட்டைக்காரர் ஆடுகளைப் புரட்டிப் பார்த்தார். "ஓநாய் குரவளையத்தாங்க புடிக்கும். கொன்னா தின்னும். இது வெளாட்டுக்குக் கடிச்சிருக்குது. நாயிங்க இது."

என் குறிப்பும் அதையேதான் சொன்னது. அனுபவப்பட்ட ஒரு வேட்டைக்காரரின் கண்ணும் என் ஸ்கேலும் ஒத்துப்போனதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி. "ஆமாங்க, நாய்தான்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

நாய் என்று சொன்னால் அடுத்த கேள்வி எந்த நாய் என்பது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"எல்லார் வூட்டு நாயும் கட்டிக் கெடக்குது. அவுத்து வுட்டது அந்த ஆட்டுக்காரி நாய் ஒண்ணுதான்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

ஆட்டுக்காரி காலனியில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். சொந்த நிலம் இல்லை. கரும்பு வெட்டு நின்றுபோன அந்த வாரத்தில் அவருக்கு இருந்தது பதினோரு வெள்ளாடுகள் மட்டும். அவற்றை மலையோரக் கரட்டில்தான் மேய்ப்பார். அங்கே ஓநாய் நெருங்காமல் இருந்ததற்குக் காரணம் ஒரு காது கிழிந்த அந்தச் செம்மண் நிற நாய். நாய் போனால் கரடு போகும், கரடு போனால் ஆடும் போகும். இது அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கியில் ஏற்கனவே மருந்து கெட்டித்திருந்தது என்பதும் தெரியும்.

சேதி கேட்டு அவர் நாயைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டே வந்தார். "எம் நாய் இன்னாத்துக்குக் கடிக்கும்? உங்க ஆட்டுல சதையா இருக்குது?" என்றார். பேச்சில் குறைவில்லை. நாயின் கழுத்தை மட்டும் விடவில்லை.

நான் எழுந்து நின்று சொன்னேன். "கடிச்ச நாயோட வயித்துல ரத்தமோ ரோமமோ இருக்கும். வாந்தி எடுக்க வெச்சுப் பாத்துடலாம்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "டாக்டரம்மா நாய்க்கு மசக்கையான்னு பாக்கப் போறாங்கடா."

பக்கத்து வீட்டிலிருந்து சலவைச் சோடா வாங்கினேன். பட்டாணி அளவு ஒரு கட்டி. ஆட்டுக்காரம்மா தன் கையாலேயே நாயின் வாயைப் பிளந்தார். நான் தொண்டைக்குள் தள்ளிவிட்டேன். பத்து நிமிடம் காத்திருந்தோம். எல்லோரும் ஒரு நாயின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது இரண்டு முறை குமட்டி, கக்கியது.

குச்சியால் கிளறிப் பார்த்தேன். கேழ்வரகுக் கூழ், வெங்காயத் தோல், தோல் வார் ஒரு துண்டு. ரோமம் இல்லை, இறைச்சி இல்லை, ரத்தம் இல்லை.

"யோவ், அது என் செருப்பு வாருய்யா! நாலு நாளா தேடிக்கினு கீறேன்!" என்று கத்தினார் ஒருவர். ஆட்டுக்காரம்மா அப்போதுதான் மூச்சு விட்டார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் பட்டியலில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. வரும்போதே பார்த்திருந்தேன். மோட்டார் கொட்டகையோரம் நிலத்துக்காரரின் முயல் வேட்டை நாய் கட்டிக் கிடந்தது. கயிறு புதிது. முன்னால் வைத்த சோற்றில் ஈ மொய்த்தது, நாய் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க நாய்க்கும் குடுத்துப் பாத்துடலாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். "கட்டிப் போட்ட நாய்மா அது. நீ தங்கியிருக்கிற ரூம் யாருதுன்னு நான் பேச மாட்டேன். ஆனா நாய்னு எழுதினா ஒரு நாய் சாவணும். எது சாவும்னு உனக்கே தெரியும். ஓநாய்னு எழுது. எல்லாரும் வூட்டுக்குப் போவட்டும். அவளும் அவ நாயக் கட்டிப் போடட்டும்."

மிரட்டலுக்குப் பயந்தேன் என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். உண்மையில் எனக்குக் களைப்பாக இருந்தது. மூன்று நாளாக எல்லா இடத்துக்கும் நடந்து போய் வந்திருந்தேன். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு சொல் எழுதினால் அந்தக் காலை முடிந்துவிடும், அந்த நாயும் பிழைத்துக்கொள்ளும். எழுதினேன். இறப்பின் காரணம்: ஓநாய்.

"இன்னா எழுதினீங்க?" என்று வேட்டைக்காரர் கேட்டார்.

"ஓநாய்."

"அப்டிங்களா" என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கரட்டுப் பக்கம் நடந்தார். உச்சி வெயிலில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "ஓடிப்போச்சுங்க" என்று நிலத்துக்காரரிடம் சொன்னார். கிணற்றடியில் கை கழுவும்போது என்னிடம் மட்டும், "வானத்தத்தான் சுட்டேன். மருந்து கம்மிதான், ஆனா அவங்களுக்கு ஒரு சத்தம் வேணுமில்ல" என்றார்.

முயல் நாயை அதன் பிறகு ஒழுங்காகக் கட்டினார்கள். பட்டியில் வேறு ஆடு சாகவில்லை. வெடிக்குப் பயந்து ஓநாய் மலையேறிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. ரோட்டில் கிடந்த மரங்களை விறகாக்கி எடுத்துப் போனார்கள். பஸ் ஓடியது, நூல் வந்தது.

ஒரு மாதம் கழித்து ஆட்டுக்காரம்மா கிளை நிலையத்துக்கு வந்தார். கையில் உரச்சாக்கு. உள்ளே ஒரு வெள்ளாட்டுக் குட்டி, பாதி.

"இப்ப நெஜமாவே வந்துச்சும்மா" என்றார். "பட்டப்பகல்ல. நான் கத்திக்கினே ஓடறேன், அது திரும்பிப் பாத்துட்டு மெதுவா தூக்கிக்கினு போவுது. கல்லால அடிச்சதும் போட்டுட்டுப் போச்சு."

"நாய்?"

"வூட்ல. கட்டித்தானே வெக்கச் சொன்னாங்க."

மேசையில் சாக்கை விரித்தேன். கடி குரல்வளையில். பின்பாகம் தின்னப்பட்டிருந்தது. ஸ்கேலை வைத்தேன். நாலைத் தொட்டது. பதிவேட்டைத் திறந்து தேதி, இனம், வயது எல்லாம் எழுதி, கடைசிக் கட்டத்தில் ஓநாய் என்று எழுதினேன். அதே பக்கத்தில், அதே கையெழுத்தில், மேலே இன்னொரு ஓநாய்.

"அன்னிக்கி எழுதினதும் இதானா?" என்று ஒரே மாதிரி இருந்த இரண்டு சொல்லையும் விரலால் தொட்டுக் கேட்டார்.

"ஆமாம்மா."

அவர் அந்த மேல் சொல்லையே பார்த்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. பேனாவை மேல் வரிக்குக் கொண்டு போனேன். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, நாய் என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டால் போதும். விதிப்படி திருத்தம் அப்படித்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் பேனா எங்கே போகிறது என்று தெரிந்தது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காத. மறுபடியும் எந்த நாய்னு கேப்பாங்க."

பேனாவை மூடினேன்.

"நாயை அவுத்து விடுங்கம்மா. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நேத்தே அவுத்துட்டேன்" என்று சாக்கைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "வாசலத் தாண்ட மாட்டேங்குது. கூப்டா எம் மூஞ்சியப் பாத்துக்கினு நிக்குது." வெளியே இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "மிச்சத்த ஆக்கித் திங்கலாமாம்மா?"

கூடாது, ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்றேன். சரிம்மா என்றார். இரண்டு பேருக்கும் தெரியும், அவர் புதைக்கப் போவதில்லை.