எனக்கு ஓகே, மத்தவங்கதான் போட மாட்டாங்க

ஓட்டுக் கேட்கும் தொழில் என்பது, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்களுக்கு நாம் பஜ்ஜித் தட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது மாதிரி: பெண் பிடித்துப்போனால் பெருமை அவளுக்கு, பிடிக்காவிட்டால் ‘பஜ்ஜியில் எண்ணெய் ஜாஸ்தி’ என்ற கெட்ட பேர் நமக்கு. இன்னொருவருக்காக ஓட்டுக் கேட்டு அலைந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். வயிற்றெரிச்சலைப் பங்கு போட்டுக்கொள்வோம்.

விஷயம் இதுதான். தாம்பரத்தில் எங்கள் கல்லூரியில், பேரவைத் தலைவர் பதவிக்கு ஹாஸ்டல்காரர்கள் ஒருவரை நிறுத்துவார்கள். ரயிலில் வந்து போகிற டே ஸ்காலர்களாகிய நாங்கள் ஒருவரை நிறுத்துவோம். எங்களுக்குள் இரண்டு பேர் நின்று ஓட்டைப் பிரித்தால் ஹாஸ்டலுக்குக் கொண்டாட்டம். அதனால் முன்கூட்டியே எங்களுக்குள் ஒரு சின்னத் தேர்தல் நடத்தி ஒரே ஆளைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். அதற்கு ‘செமி ஃபைனல்’ என்று பேர்.

போன வருஷ செமி ஃபைனலில் ஒரு பக்கம் என் தோழி எஸ்தர், இன்னொரு பக்கம் மோகன். எஸ்தர் குரோம்பேட்டையில் ஒரு தலைமையாசிரியரின் மகள். ரயில் தாமதமானால் எங்களுக்கு முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் போகக் கூடாது என்று பிரின்ஸிபால் அறை வாசலில் நின்று வாதாடி, அதை வாங்கியும் கொடுத்தவள். மோகன் என்ன செய்தான்? சிரிப்பான். நல்ல பல். அவ்வளவுதான். இதுவரை எங்கள் கல்லூரியில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இந்தத் தடவை உட்கார வைத்தே தீருவது என்று எஸ்தருக்குப் பிரசாரம் செய்யும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். பட்டதெல்லாம் கீழே.

போணி

முதல் ஓட்டை ஹேமாவிடம் கேட்டேன். மாம்பலத்தில் ஏறுகிறவள், கெமிஸ்ட்ரி. எஸ்தர் வாங்கிக் கொடுத்த அட்டெண்டன்ஸால் பரீட்சை எழுத முடிந்தவர்களில் முதல் ஆள் இவள்தான். லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஜன்னலோர இடத்தையும் விட்டுக்கொடுத்து, “ஹேமா, எஸ்தருக்குத்தானே?” என்றேன்.

ஹேமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். எஸ்தரைப் போல உண்டா என்றாள். தங்கம் என்றாள். அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்றாள். நான் போணி ஆகிவிட்டது என்று பூரித்துப்போய் எழுந்திருக்கும்போது, என் தாவணி முனையைப் பிடித்து இழுத்து ரகசியமாகச் சொன்னாள்: “எனக்கு ஓகேப்பா. ஆனா மத்தவங்க போட மாட்டாங்க. ஜெயிக்கிற ஆளா பார்த்துப் போடணுமில்ல?”

மற்றவர்களைத் தேடி

யார் இந்த மற்றவர்கள்? பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பினேன். கெமிஸ்ட்ரியில் கேட்டேன். “எங்களுக்கு எஸ்தர்தான். ஹிஸ்டரிக்காரங்கதான் ஒத்துக்க மாட்டாங்க” என்றார்கள். ஹிஸ்டரியில் கேட்டேன். “நாங்க ரெடி. பல்லாவரத்துப் பசங்க இருக்காங்களே, அவங்களுக்கு சிரிச்ச முகம் வேணும்” என்றார்கள். பல்லாவரத்துப் பசங்களைக் கான்டீனில் மடக்கினேன். எஸ்தர் மாதிரி ஆள் கிடைப்பாளா என்று அவர்களும் உருகினார்கள். பிறகு உதட்டைப் பிதுக்கினார்கள். அனகாபுத்தூரிலிருந்து சைக்கிளில் பல்லாவரம் வந்து ரயிலேறுகிற ராமதாஸ் என்று ஒருவன் இருக்கிறான், அவன் கோஷ்டிதான் மோகன் பக்கமாம்.

ராமதாஸின் கோஷ்டி என்பது ராமதாஸும் அவன் சைக்கிளும்தான். அவன் மரியாதையாக சைக்கிளை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: “நான் எஸ்தர் அக்காவுக்குத்தாங்க போடறதா இருந்தேன். ஆனா லேடீஸ் கம்பார்ட்மெண்ட்லயே அவங்களுக்குப் போட மாட்டாங்களாமே?”

சிரிப்புப் பயிற்சி

குறை சிரிப்பில்தான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்ன பிறகு, குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் எஸ்தருக்குப் பயிற்சி ஆரம்பித்தேன்.

“காரணமில்லாம எதுக்கு வசந்தா சிரிக்கணும்?” என்றாள்.

“ஓட்டுக்கு.”

“ஓட்டுக்கு வேலை செய்யணும். பல்லைக் காட்டணும்னு எங்க எழுதியிருக்கு?”

நியாயமான கேள்வி. எனக்கே ரத்தம் கொதித்தது. அதற்கு முந்தின வருஷத் தலைவர் ஹாஸ்டல்காரர், மனிதர் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடுதான் வருஷம் முழுவதும் நடமாடினார். அதற்குப் பேர் கம்பீரமாம்! அதே முகத்தை எஸ்தர் வைத்துக்கொண்டால் சிடுமூஞ்சி! ஆனாலும் வேட்பாளரிடம் கொள்கை பேசிக்கொண்டிருந்தால் ஓட்டு வருமா? கெஞ்சினேன். கடைசியில் எனக்காகச் சம்மதித்து, தாம்பரத்தில் இறங்கியதும், தினம் பார்க்கிற டிக்கெட் கலெக்டரைப் பார்த்து முதல் சிரிப்பைச் சிரித்தாள். பல்வலிக்காரர் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டுகிற மாதிரி இருந்தது.

வருஷக்கணக்காக எஸ்தரிடம் சீசன் டிக்கெட் கேட்காத மனிதர், அன்றைக்குக் கையை நீட்டி மறித்தார். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். “தப்பா நினைக்காதேம்மா. இத்தனை வருஷ சர்வீஸ்ல, சீசனை வீட்ல மறந்துட்டு வர்றவங்கதான் என்னைப் பார்த்துச் சிரிச்சிருக்காங்க!”

கூடைகளுக்கு நடுவில் ஒரு விவாதம்

வேட்பாளர்கள் இரண்டு பேரையும் நேருக்கு நேர் பேச வைத்துவிட்டால் உண்மை விளங்கிவிடும் என்று ஏற்பாடு செய்ததும் நான்தான். ஆண்களும் பெண்களும் சேர்ந்து நிற்க இடம் வேண்டுமே என்று, கீரைக்கூடையும் மீன்கூடையும் ஏறுகிற வெண்டர் பெட்டியைப் பிடித்தோம். “கான்டீன் சாம்பார் தண்ணியா இருக்கே, என்ன செய்வீங்க?” என்று ஒருவன் கேட்டான்.

மோகன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, பளிச்சென்று சிரித்தான். “நம்ம நிலைமையைப் பார்த்து அந்த சாம்பாரே மனசு இளகிக் கெட்டியாகற வரைக்கும் ஓய மாட்டேன்!” விசில் பறந்தது. மனசு இளகினால் எப்படி ஐயா கெட்டியாகும் என்று நான் கத்தினேன், யார் கேட்டார்கள்? எஸ்தர் முறை வந்தது. பருப்பு எங்கே வாங்குகிறார்கள், எவ்வளவு நேரம் வேகவிடுகிறார்கள், கான்டீன் கமிட்டியில் மாணவர் ஒருவர் ஏன் உட்கார வேண்டும் என்று ஆரம்பித்தாள். சானடோரியம் வந்தது, போனது. அவள் அப்போதுதான் பெருங்காயத்துக்கு வந்திருந்தாள்.

கூடைமேல் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த கீரைக்காரம்மா தாம்பரத்தில் இறங்கும்போது என்னிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்: “இந்தப் பொண்ணு சொல்றதுதாம்மே நாயமா கீது. ஆனா என் பொண்ணு கல்யாணத்துக்கு அந்தப் புள்ளயத்தான் கூப்புடுவேன். இது வந்துச்சின்னா, பந்தில உப்பு கம்மின்னு மேடையேறிச் சொல்லிப்புடும்!”

பிடிக்காத ஆள்

மறுபடியும் ஹேமா. கிண்டியில் ஆரம்பித்துப் பல்லாவரம் வரை அவளிடம் வாதாடினேன். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று பார்க்க இதென்ன ஜவுளிக்கடையா என்றேன். உனக்குப் பிடித்திருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது, கேட்ட எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அப்புறம் பிடிக்காத ஆள்தான் யார் என்றேன். எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார். நான் விடவில்லை.

ஹேமா டிபன் பாக்ஸை மடியில் வைத்து மூடினாள். பிறகு மனம் விட்டுச் சொன்னாள்: “எஸ்தர்கிட்ட ஒரு குறையும் இல்லைப்பா. ஆனா அவ ஜெயிச்சுட்டா நீ இன்னும் ஒரு வருஷம் இப்படிப் பேசிக்கிட்டே வருவியேன்னுதான் பயமா இருக்கு.”

குழாயடி

செமி ஃபைனல் வந்தது. எங்கள் ஓட்டுக்குச் சீட்டு கிடையாது. முன்பு ஒரு தடவை பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டதில், ஆட்களை விடச் சீட்டு அதிகமாக இருந்ததாம். அதிலிருந்து வேட்பாளர்கள் காலையில் தாம்பரம் பிளாட்பாரத்தின் இரண்டு கோடியில் நிற்க வேண்டும். யார் பின்னால் வரிசை நீளமோ அவர் ஜெயித்தவர். இடத்துக்குக் காசு சுண்டினார்கள். மோகனுக்குக் கடிகாரத்தின் கீழ், நிழல். எஸ்தருக்குத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம், வெயில், காலடியில் சேறு. அநியாயம் என்று நான் போட்ட சண்டையில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ஓட்டுப் போட வேண்டியவர்கள் மட்டும் வரவில்லை. எல்லாரும் மேம்பாலத்தின் மேலேயே நின்றுகொண்டு, மற்றவர்கள் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்!

அந்த நேரம் பார்த்து, தெற்கேயிருந்து தாமதமாக வந்த ஒரு ரயில் சிக்னலுக்காக நின்றது. கூஜாவும் செம்புமாகக் கூட்டம் குதித்து ஓடிவந்து குழாயை மொய்த்தது. ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். எஸ்தரால் பொறுக்க முடியுமா? “என்ன சார் இது? ஒருத்தர் பின்னால ஒருத்தர் நில்லுங்க!” என்று ஒரு அதட்டல். அப்பா, அந்த முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் அவளைச் சிடுமூஞ்சி என்றார்கள். மொத்தக் கூட்டமும் சத்தமில்லாமல் அவள் பின்னால் வரிசையாக நின்றது. மேம்பாலத்திலிருந்து பார்த்தால் கூஜா தெரியாது, தலைகள்தான் தெரியும். “அடேயப்பா, எல்லாரும் எஸ்தருக்குத்தான் போடறாங்க!” என்று மேலே ஒரு குரல். தடதடவென்று படியிறங்கி ஓடிவந்தார்கள். கெமிஸ்ட்ரி, ஹிஸ்டரி, பல்லாவரம், சைக்கிள் இல்லாத ராமதாஸ், எல்லாரும் வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டார்கள். ஹேமா முண்டியடித்து இடம் பிடித்தாள். வரிசையில் ஒரு குடுமிக்காரர் நின்றாரே, அவரைப் பார்த்துமா சந்தேகம் வரவில்லை என்று பிற்பாடு அவளைக் கேட்டேன். சம்ஸ்கிருத டிபார்ட்மெண்ட் என்று நினைத்தாளாம்.

நான் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். எஸ்தரோ திரும்பிப் பார்த்து, “தண்ணி பிடிக்கிறவங்க குழாய்ப் பக்கம் தள்ளி நில்லுங்க, ஓட்டுப் போடறவங்க மட்டும் இங்க” என்றாள். “பேசாம இருடீ!” என்று கிள்ளினேன். கேட்டால்தானே? கூஜாக்கள் விலகின. செம்புகள் விலகின. குடுமிக்காரர் விலகினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, எங்கள் ஆட்கள் ஒருத்தர் கூட நகராமல் நின்றிருந்தார்கள். முன்னால் நிற்பவர் நகரவில்லையே என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிகாரத்தின் கீழே மோகன் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். எஸ்தர் அப்போதும் சிரிக்கவில்லை. ஆனால் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். செமி ஃபைனலில் ஜெயித்த முதல் பெண்! ஹேமா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்: “பார்த்தியா வசந்தா! எனக்கு மொதல்லயே தெரியும்ப்பா, மத்தவங்க எல்லாம் அவளுக்குத்தான் போடுவாங்கன்னு!”

ஆகவே சக துன்பஜீவிகளே, நல்ல ஆளாகப் பார்த்து நிறுத்துவது பாதி வேலைதான், அவளைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நிறுத்துவதுதான் மீதி.