மெர்வின் திரும்பி வந்த மதியம்

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, சுடுகாட்டில் இல்லை, அன்று அமாவாசையும் இல்லை. போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டையைப் பிளக்கும் வெயிலில், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நடந்தது. நம்பாதவர்கள் ஷெட்டுக்காரர் சம்பத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பூட்டை உடைத்தது அவர்தான்.

சேலையூர் யக்ஞநாராயணனுக்குப் பொதுவாக மனிதர்களைப் பிடிக்காது. அதிலும் பாட்டுக் கேட்டுத் தலையாட்டும் மனிதர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. அவர் பியானோ வாசிப்பவர். ராகம் கிடையாது, தாளம் கிடையாது, ஒருமுறை வாசித்ததை இன்னொரு முறை வாசிப்பதும் கிடையாது. அந்த நிமிஷத்தில் கைக்கு என்ன வருகிறதோ அதுதான் இசை. முழங்கையால் கட்டைகளை அழுத்துவார். மூடியைத் திறந்து உள்ளேயிருக்கும் கம்பிகளைச் சாவிக்கொத்தால் சுரண்டுவார். கேட்க வருகிறவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அவர்களையும் மந்தை என்பார்.

அவரோடு டிரம்ஸ் வாசித்தவன் மெர்வின், அஸ்தினாபுரத்துக்காரன். வாரநாட்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பான். மதியம் யக்ஞநாராயணனிடம் வந்து திட்டு வாங்குவான். கல்யாண பேண்டு என்பார், மாவு மெஷின் என்பார். அவன் சிரித்துக்கொள்வான். அந்த வாசிப்பில் எப்போதாவது ஒரு கணம், யார் யாரைத் தொடர்கிறார்கள் என்றே தெரியாமல் இருவரும் ஒன்றாகப் பறப்பார்கள். அதற்காகத்தான் வந்தான். அது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

சம்பத்துக்கு அங்கே ஒட்டினாற்போல் இரண்டு ஷெட். ஒன்றை இவர்களுக்கு விட்டிருந்தார். மற்றது பழைய லேத் பட்டறை, பூட்டிக் கிடந்தது. நடுவில் ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டையில் ஒரு மெஷினும் ஓடாது. அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

மணி இரண்டரை இருக்கும். ரெக்கார்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். யக்ஞநாராயணன் பியானோவைப் பார்த்தபடி. முதுகுக்குப் பின்னால் மெர்வின்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. சீராக, அடி பிசகாமல்.

யக்ஞநாராயணன் கையை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்க்கிற ஜென்மம் யாரோ என்று முணுமுணுத்தார். மெர்வினைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"போய் நிறுத்தச் சொல்லு. அவனுக்கும் உனக்கும் ஒரே வியாதி. தாளம்."

மெர்வின் எழுந்து போனான். வாசலில் செருப்பைப் போடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஷட்டர் கரகரவென்று இறங்கியது. டொக் டொக்கும் நின்றது.

உடனே மெர்வின் திரும்பி வந்துவிட்டான்.

அங்கே தட்டியது யார் என்று கேட்டார். தோளுக்கு மேலாகப் பார்த்தார். எப்போதும் வியர்வையில் ஒட்டிக்கிடக்கும் சட்டை காய்ந்து மொடமொடவென்றிருந்தது. வாசலில் செருப்பைக் காணோம். கோபித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்துவிட்டான் போல, கோபத்திலாவது வாசிப்பு உருப்படட்டும் என்று நினைத்துக்கொண்டு கட்டைகளில் கையை வைத்தார்.

பின்னால் டிரம்ஸ் எழுந்தது.

அப்படி ஒரு வாசிப்பை அவர் கேட்டதில்லை. அவர் விரல் இறங்கும் முன்பே அந்த அடி அங்கே காத்திருந்தது. அவர் ஓடினால் அது வழிமறித்தது. நின்றால் காலடியில் குழி தோண்டியது. இந்த மாவு மெஷினுக்குள் இப்படி ஒருவன் ஒளிந்திருந்தானா? அவருக்கே எரிச்சலாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அப்போது சுவரில் மறுபடி தட்டல் கேட்டது.

இந்த முறை சீராக இல்லை. தாறுமாறாக. டொக் டொக்டொக்... டொக்... டொக்டொக்டொக்...

சும்மா இருடா என்று சுவரைப் பார்த்துக் கத்தினார். அது நிற்கவில்லை. அவர் இரண்டு முழங்கைகளாலும் கட்டைகளை அமுக்கி அந்தச் சத்தத்தை மூழ்கடித்தார். டிரம்ஸும் அவரோடு சேர்ந்து மூழ்கடித்தது.

நெடுநேரம் அப்படியே போனது.

தட்டல் தளர்ந்தது. டொக்... பெரிய இடைவெளி... டொக்...

கை வலித்தது. நிறுத்தினார்.

டிரம்ஸ் நிற்கவில்லை.

"மெர்வின், போதும்."

நிற்கவில்லை. திரும்பினார்.

சிம்பல் தட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் அது அசையவில்லை. குச்சிகள் எங்கேயும் இல்லை. மெர்வின் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தான். தலையைச் சாய்த்து, சுவருக்குக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

டொக்...

...

டொக்.

பிறகு ஒன்றும் இல்லை.

டிரம்ஸும் அடங்கியது. அவன் மெல்ல யக்ஞநாராயணன் பக்கம் திரும்பினான். நல்ல கச்சேரி கேட்டவன் போலத் தலையாட்டினான்.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கு நினைவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெர்வின் நம்பரைப் போட்டார். தான் பார்த்தது மெர்வின்தான், வெயிலில் தனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது அப்போது.

மணி அடித்தது.

பூட்டிய பட்டறைக்கு உள்ளே அடித்தது.

கூப்பிட்டதும் சம்பத் பத்து நிமிஷத்தில் வந்தார். முதலில் நம்பவில்லை.

"இன்னா சார் சொல்ற? இந்தப் பூட்ட நான் தொறந்தே ரெண்டு வருசம் ஆவுது. சாவிகூட எங்கே கீதுன்னு தெரியல. உள்ள எப்டி ஆளு போவான்?"

யக்ஞநாராயணன் மறுபடி போன் போட்டுக் காட்டினார். சம்பத் முகம் மாறியது. காரிலிருந்து ஜாக்கி லிவரை எடுத்து வந்து பூட்டில் கொடுத்து நெம்பினார். துரு உதிர்ந்தது. ஷட்டரைத் தூக்கியதும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் வந்தது.

மெர்வின் உள்கோடியில், பொதுச் சுவரோரம், லேத் மெஷினுக்குப் பின்னால் கிடந்தான். காலில் செருப்பு. பின்பாக்கெட்டில் டிரம்ஸ் குச்சிகள். மூச்சு இருந்தது, அவ்வளவுதான்.

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றார்கள். சம்பத் அன்றே இரண்டு ஷெட்டையும் விற்க ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

யக்ஞநாராயணனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாவது நாள் எழுந்தார். எழுந்ததும் முதலில் என்ன செய்தார் தெரியுமா? சம்பத்தை அனுப்பி அந்த ரெக்கார்டரை எடுத்து வரச் சொன்னார். போட்டுக் கேட்டார். எல்லாம் பதிவாகியிருந்தது. பியானோ, டிரம்ஸ், சுவர். அவர் வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை. பயந்து நடுங்கிய மனிதர்தான், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டார். அதை வெளியிட வேண்டும் என்று முடிவு செய்தார். டிரம்ஸ் வாசித்தவர் என்று போட ஒரு பெயர் வேண்டுமே. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

மெர்வின் படுத்திருந்தான். உதடெல்லாம் வெடித்திருந்தது. அவன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, ஹெட்போனை அவன் காதில் மாட்டினார். அவன் கண்ணை மூடிக் கேட்டான். பாதியில் கழற்றிக் கொடுத்துவிட்டான்.

"என் பேரு வாணாம் சார். டிரம்ஸ் நான் இல்ல."

தெரியும் என்றார். சுவரில் தட்டியது நீதானே, அதற்காகவாவது போட்டுக்கொள்ளலாம் என்றார்.

"அதுவும் நான் இல்ல சார். ஷட்டர் தொறந்து கெடந்துச்சேன்னு உள்ள போனேன், அது எறங்கனவுடனே மயக்கமாயி விழுந்துட்டேன். கையத் தூக்க முடியல. பக்கத்துல இருட்டுல ஒருத்தர் குந்திகினு தட்டிகினே இருந்தாரு. அப்பப்போ நிறுத்திட்டு என் காதாண்ட வந்து கேட்டாரு. 'அந்தப் பக்கம் அவனுக்குக் கேக்கறதோ?' அதயேதான் கேட்டாரு. கடைசில அழுதாரு."

யார் என்று யக்ஞநாராயணன் கேட்டார்.

மெர்வின் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான்னு நெனச்சிகினு இருந்தேன் சார். உங்க குரலு."